எல்லையும் காசும்: ஓசூர் – கிருஷ்ணகிரிப் பகுதியில் பழங்காசுச் சேகரிப்பும் அதன் சான்று மதிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

பழங்காசுகளைத் திரட்டுதல், பேணுதல், படமெடுத்தல் ஆகியவை பெரும்பாலும் தனிமனிதப் பொழுதுபோக்காகவே கருதப்படுகின்றன. ஆயினும் தென்னிந்திய நாணயவியலின் அடிப்படை நூல்கள் பலவும் இத்தகைய ஆர்வலர்களின் பேழைகளிலிருந்தே உருவாயின. 1792 முதல் 1799 வரை கிருஷ்ணகிரி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியிலும் ஓசூர் திப்பு சுல்தானின் ஆட்சியிலும் இருந்தன. அவ்வேழாண்டுக் கால எல்லையைக் காசுகள் எவ்வாறு கடந்தன என்பதை அறிவதற்குச் சேகரிப்பாளர்களின் பதிவுகள் எவ்வளவு இன்றியமையாதவை என்பதையும், கிடைத்த இடம் பற்றிய குறிப்பு இழக்கப்படும்போது எத்தகைய சான்று அழிகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நாணயவியல், பாராமகால், ஓசூர், கிருஷ்ணகிரி, திப்பு சுல்தான், மௌலூதி ஆண்டு, கண்டீரவப் பணம், புதையல் சட்டம், காசுப் படம்.

முன்னுரை

கல்வெட்டு தான் நிற்கும் இடத்தை விட்டு எளிதில் நகர்வதில்லை. செப்பேட்டின் வாசகமே அது எந்த ஊரைப் பற்றியது என்பதைச் சொல்லிவிடுகிறது. காசின் நிலை வேறு. நகர்வதற்கென்றே உருவாக்கப்பட்ட பொருள் அது. அச்சிட்ட நகரின் பெயரும் ஆண்டும் அதில் இருக்கலாம். ஆனால் அது எந்த ஊரில் செலவழிந்தது, எந்த வீட்டில் சேமிக்கப்பட்டது, எந்த நிலத்தில் புதைந்தது என்பவற்றை அது தானாகச் சொல்லாது. இவற்றை எடுத்தவர் எழுதி வைத்தால்தான் பிறர் அறிய முடியும். எனவே காசைப் பொறுத்தவரை சேகரிப்பவரின் குறிப்பேடு காசுக்கு இணையான சான்றாகிறது.

இவ்வுண்மை எல்லைப் பகுதிகளில் கூடுதல் பொருள் பெறுகிறது. 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டம் கருநாடகத்தையும் ஆந்திரத்தையும் எல்லைகளாகக் கொண்டது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகியவை நாளும் வழங்கும் நிலம் இது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்ததிலிருந்து ஓசூரைச் சூழ்ந்த வேளாண் நிலங்கள் தொழிற்சாலைகளாகவும் மனைப்பிரிவுகளாகவும் மாறி வருகின்றன. நிலம் தோண்டப்படும் வேகத்திற்கு ஏற்ப, அதில் புதைந்துள்ளவை வெளிவருவதற்கும் சிதறுவதற்கும் வாய்ப்பு மிகுகிறது.

ஆர்வலர் மரபும் நாணயவியல் நூல்களும்

தென்னிந்திய நாணயவியல் பல்கலைக்கழகத் துறைகளில் தோன்றியதன்று. கர்னல் காலின் மெக்கன்சி ஓலைச்சுவடிகளோடும் கல்வெட்டுப் படிகளோடும் காசுகளையும் திரட்டினார். சென்னை மாகாண நிருவாகப் பணியிலிருந்த சர் வால்டர் எலியட் தம் நீண்டகாலச் சேகரிப்பைக் கொண்டு தென்னிந்தியக் காசுகள் பற்றிய நூலை 1880களில் வெளியிட்டார். அதே பத்தாண்டில் படைத்துறை அலுவலரான கேப்டன் டஃப்னெல் தென்னிந்தியாவில் காசு சேகரிப்போருக்கான குறிப்புகள் என்னும் பொருளில் வழிகாட்டி ஒன்றை எழுதினார். பெயரே சுட்டுவதுபோல அந்நூல் பொழுதுபோக்காளரை நோக்கியே எழுதப்பட்டது. ஆயினும் பின்வந்த ஆய்வாளர்கள் அதைச் சான்றாகக் கொண்டனர்.

ஓசூருக்கு மேற்கிலுள்ள மைசூர்ப் பகுதியில் காசு சேகரித்த அனுபவத்தை மேஜர் ஆர். பி. ஜாக்சன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக விளங்கிய ஜே. ஆர். ஹெண்டர்சன் ஹைதர் அலி, திப்பு சுல்தான் காசுகளைப் பற்றி எழுதிய நூல் 1921இல் வெளிவந்தது. விலங்கியல் அறிஞரான அவர் உயிரினங்களை வகைப்படுத்துவது போலவே காசுகளையும் அச்சகம், ஆண்டு, மதிப்பு என வகைப்படுத்தினார்.

தமிழகத்தில் இம்மரபின் பெரும்பயன் சங்ககாலக் காசுகளில் வெளிப்பட்டது. நாளிதழ் ஆசிரியரான இரா. கிருஷ்ணமூர்த்தி தாம் திரட்டிய காசுகளில் பெருவழுதி என்னும் பெயர் தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டிருப்பதை 1980களில் வெளிப்படுத்தினார். கரூர் அமராவதி ஆற்றுப்படுகையிலிருந்து கிடைத்த மாக்கோதை, குட்டுவன் கோதை போன்ற பெயர்கள் கொண்ட காசுகளும் சேர வரலாற்றுக்குப் புதிய அடித்தளம் அமைத்தன. இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. அமராவதிப் படுகை என்னும் இடக்குறிப்பு இல்லாதிருப்பின், கரூரைச் சேரர் தலைநகரான வஞ்சியாக அடையாளம் காணும் வாதத்திற்கு இக்காசுகள் இந்த அளவு வலுச் சேர்த்திருக்க இயலாது.

ஏழாண்டு எல்லை

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 மார்ச் மாதம் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் பகுதி கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடு அதன் நிருவாகப் பொறுப்பை ஏற்றார். பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளர்களுள் ஒருவராகப் பணியாற்றினார். கிருஷ்ணகிரியும் இராயக்கோட்டையும் கம்பெனி எல்லைக்குள் அமைந்தன. மலைமேட்டில் அமைந்த ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதியோ மைசூரின் வசமே இருந்தது. 1799 மே 4 அன்று திப்பு வீழ்ந்த பின்னரே அப்பகுதி கம்பெனியோடு இணைக்கப்பட்டது. ஆகவே இன்று ஒரே மாவட்டத்தில் இருக்கும் இவ்விரு நகரங்களுக்கிடையே ஏழாண்டுகள் ஓர் அரசியல் எல்லை இருந்தது.

அவ்வெல்லையின் இருபுறமும் வழங்கிய காசுகள் பலவகைப்பட்டவை. மைசூர் மன்னர் கண்டீரவ நரசராச உடையார் (1638–1659) காலத்தில் அச்சிடப்பட்ட நரசிம்மர் உருவம் தாங்கிய சிறு பொற்காசாகிய கண்டீரவப் பணம், அவருக்குப் பின் நெடுங்காலம் புழங்கியது. பத்துக் கண்டீரவப் பணம் ஒரு வராகன் என்பது கணக்கு வழக்கு; அவ்வராகன் ஏட்டில் மட்டும் வாழ்ந்த கணக்கு அலகேயன்றிக் கையில் புழங்கிய காசன்று. ஹைதர் அலியின் வராகனில் ஒருபுறம் சிவனும் பார்வதியும், மறுபுறம் புள்ளிகளிடையே அவர் பெயரின் முதல் பாரசீக எழுத்தும் உள்ளன. திப்புவின் செப்புக்காசுகளில் யானை உருவம் இடம்பெற்றது. அவற்றின் வகைகளுக்கு முஷ்தரி, சோஹ்ரா, பஹ்ராம், அக்தர், குத்ப் எனக் கோள்களின் பெயரும் விண்மீன்களின் பெயரும் சூட்டப்பட்டன. கம்பெனி வழங்கிய நட்சத்திர வராகன் 42 பணத்திற்கும், ஒரு பணம் 80 காசுக்கும் ஈடாகக் கொள்ளப்பட்டது.

இத்தகைய சூழலில் சந்தையில் விலை பேசுவதற்கு முன் காசின் விலையைப் பேச வேண்டியிருந்தது. ஒவ்வொரு காசையும் எடையும் மாற்றும் பார்த்து, வட்டம் பிடித்து மாற்றித் தந்த சராப்புகளின் செல்வாக்கு இதனால் வளர்ந்தது. வரியைக் காசாகச் செலுத்திய குடியானவரே இவ்வட்டத்தின் சுமையைத் தாங்கினார். 1800–01இல் மைசூர் நாட்டின் வழியே பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், சென்ற இடங்களில் வழங்கிய காசுகளையும் அவற்றின் மாற்று மதிப்பையும் குறித்துச் சென்றது இந்நிலையின் சிக்கலை உணர்ந்ததனால்தான்.

மௌலூதி ஆண்டு என்னும் திறவுகோல்

இவ்வெல்லைக் காலத்தை ஆராய்வதற்குத் திப்புவின் காசுகள் தனித்த வாய்ப்பை அளிக்கின்றன. தம் ஆட்சியின் தொடக்கத்தில் ஹிஜ்ரி ஆண்டைப் பயன்படுத்திய திப்பு, பின்னர் நபிகளின் பிறப்பை ஒட்டிய மௌலூதி ஆண்டுமுறையைப் புகுத்தினார். அம்முறையில் 1215 முதல் 1227 வரையிலான ஆண்டுகள் காசுகளில் காணப்படுகின்றன. இவ்வெண்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டவை. இதனை அறியாத தொடக்கநிலைச் சேகரிப்பாளர் ஆண்டெண்ணைத் தலைகீழ் வரிசையில் வேறோர் எண்ணாகப் படித்து, காசின் காலத்தைத் தவறாகக் கணிக்க நேரிடும்.

மௌலூதி 1221ஆம் ஆண்டும் அதன் பின்னவும் 1792 உடன்படிக்கைக்குப் பிற்பட்டவை. அவ்வாண்டுகளைக் கொண்ட யானைக் காசு ஒன்று ஓசூரில் கிடைத்தால் அதில் வியப்பில்லை. அது தன் அரசின் எல்லைக்குள்ளேயே கிடைத்த காசு. அதே காசு கிருஷ்ணகிரியிலோ காவேரிப்பட்டணத்திலோ கிடைத்தால் அது எல்லையைக் கடந்து வந்த காசு. எனினும் ஒற்றைக் காசைக் கொண்டு முடிவுக்கு வருதல் பிழையாகும். செப்புக்காசுகள் 1799க்குப் பின்னும் மக்கள் கையில் தொடர்ந்து புழங்கியிருக்கக்கூடும். எனவே அது எல்லை நீங்கிய பின் வந்ததாகவும் இருக்கலாம்.

ஐயத்தைத் தீர்க்கக்கூடியது ஒரே கலத்தில் சேர்ந்து கிடைக்கும் காசுக் குவியல். அதிலுள்ள காசுகளுள் காலத்தால் பிந்தியது எதுவோ, அதற்கு முன் அக்குவியல் புதைக்கப்பட்டிருக்க முடியாது. குவியலின் இறுதிக் காசு மௌலூதி 1224ஆக இருந்து, 1799இல் அரியணை ஏறிய மூன்றாம் கிருஷ்ணராச உடையாரின் கன்னட எழுத்துக் காசுகளோ, கம்பெனியின் 1803ஆம் ஆண்டு இருபது காசு நாணயமோ அதில் ஒன்றேனும் இல்லையாயின், அது எல்லைக் காலத்திலேயே புதைக்கப்பட்டது எனக் கருத வலுவான அடிப்படை உண்டு. அவ்வாறான குவியல் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் கிடைக்குமாயின், போரிட்டுப் பிரிந்த இரு அரசுகளுக்கிடையே சிற்றூர் வாணிகம் அறுபடவில்லை என்பதற்கு அது நேர்ச்சான்றாகும்.

இங்கேதான் சேகரிப்பாளரின் பொறுப்பு மிகுகிறது. குவியலை வாங்கிய வணிகர் அதனை வகைவாரியாகப் பிரித்து, யானைக் காசுகளை ஒருவருக்கும் கம்பெனிக் காசுகளை மற்றொருவருக்கும் விற்றுவிட்டால் காசுகள் அனைத்தும் பாதுகாப்பாக இருந்தும் சான்று அழிந்துவிடுகிறது. பேழைகளில் தனித்தனியே இருக்கும் நூறு காசுகளால் விடையளிக்க இயலாத வினாவுக்கு, பிரியாமல் பதிவான பத்துக் காசுகள் விடையளித்துவிடும்.

சட்டமும் நடைமுறையும்

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தின்படி, நிலத்தில் மறைந்து கிடந்து, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வழியாக அறிவித்தல் வேண்டும். அரசு அதனைக் கையகப்படுத்த விரும்பினால் உலோகத்தின் மதிப்பையும் அதனுடன் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து வழங்க அச்சட்டம் வகைசெய்கிறது. செப்புக்காசு ஒன்றின் உலோக மதிப்பு மிகச் சிறிது. சேகரிப்புச் சந்தையில் அதன் விலை பன்மடங்கு. இவ்விடைவெளியே கண்டெடுத்தவரை அறிவிப்பிலிருந்து விலகச் செய்யும் முதன்மைக் காரணமாகிறது. அறிவித்தால் அலைச்சலும் பறிமுதலும் மட்டுமே மிஞ்சும் என்னும் அச்சமும் இதனோடு சேர்கிறது.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டத்தின்படி நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய காசு தொல்பொருளாகும். தனியார் அதனை நாட்டுக்கு வெளியே ஏற்றுமதி செய்தல் கூடாது. தொல்பொருள் வணிகம் செய்வோர் உரிமம் பெறுதல் வேண்டும். ஆகவே பழங்காசைச் சேகரித்தல் என்பது தன்னளவில் குற்றமன்று. அது எவ்வழியில் வந்தது என்பதே வினா. பரம்பரையாக வீட்டிலிருந்த காசுக்கும் நிலத்திலிருந்து எடுத்து மறைத்த காசுக்கும் சட்டத்தின் முன் உள்ள வேறுபாட்டைச் சேகரிப்பாளர் உணர்தல் வேண்டும். வாங்கிய நாள், விற்றவர், அவர் கூறிய இடம் ஆகியவற்றை எழுதி வைப்பது ஆய்வுக்கு மட்டுமன்றிச் சேகரிப்பாளரின் பாதுகாப்புக்கும் உதவும்.

பேணுதல்

காசு நிலத்தில் இருந்த காலத்தைவிடப் பேழைக்கு வந்த பின்னரே மிகுதியாகக் கெடுவதுண்டு. புளி, எலுமிச்சை, சாம்பல், பித்தளை மெருகுப்பசை ஆகியவற்றால் தேய்த்துப் பளபளப்பாக்குவது பரவலாகக் காணப்படும் பிழையாகும். செம்பின் மேற்பரப்பில் நெடுங்காலம் படிந்த உறுதியான படலம் காசைக் காக்கும் போர்வை. அதை நீக்கும்போது எழுத்துகளின் மெல்லிய விளிம்புகளும் நீங்கிவிடுகின்றன. திப்புவின் காசில் ஆண்டெண் ஓர் ஓரத்தில் சிறிதாக அமைவதுண்டு. இவ்வகைத் தேய்ப்பில் அது மறைந்துபோகக்கூடும். அதாவது, காலத்தைக் காட்டும் சான்றே முதலில் இழக்கப்படுகிறது.

வெளிர்பச்சைத் தூள் போன்ற புள்ளிகள் தோன்றித் தொட்டால் உதிருமாயின் அது காப்புப் படலமன்று. குளோரைடு உப்புகள் ஈரத்தோடு சேர்ந்து செம்பை அரிக்கும் நோய். அத்தகைய காசை உடனே பிறவற்றிலிருந்து பிரித்து, உலர்ந்த இடத்தில் வைத்து, அருங்காட்சியகப் பாதுகாப்பு வல்லுநரின் அறிவுரையைப் பெறுதல் வேண்டும்.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மென்மையான பி.வி.சி. உறைகள் நாளடைவில் சிதைந்து அமிலத்தன்மையுள்ள பொருள்களை வெளியிட்டுக் காசின்மீது பச்சைப் பசையைப் படியச் செய்கின்றன. பாலியெஸ்டர் உறைகளும் அமிலமற்ற தாள் உறைகளும் ஏற்றவை. ஈயக் காசுகளை மரப்பெட்டியில் வைத்தல் கூடாது. சில மரங்களிலிருந்து வெளிப்படும் கரிம அமில ஆவி ஈயத்தை வெண்தூளாக்கிவிடும். வெள்ளிக் காசுகளைக் கந்தகம் கலந்த அட்டையிலிருந்தும் இரப்பர் வளையத்திலிருந்தும் விலக்கி வைத்தல் நன்று. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரின் மிதமான வெப்பநிலை காசுகளுக்கு உகந்ததே. எனினும் மழைக்காலத்தில் பேழையில் சிலிக்கா ஜெல் இடுவதும் அதனை அவ்வப்போது மாற்றுவதும் தேவை.

படமெடுத்தல்: அழகும் ஆவணமும்

முற்காலச் சேகரிப்பாளர்கள் மெழுகிலும் சாந்திலும் அச்சு எடுத்தும், கோட்டோவியம் வரைந்தும் காசுகளைப் பதிவு செய்தனர். வரைபவர் தாம் காண விரும்பியதையே வரைந்துவிடும் இடர் அதில் இருந்தது. ஒளிப்படம் அவ்விடரைக் குறைத்தது, முற்றிலும் நீக்கவில்லை. ஒளி விழும் கோணத்தைப் பொறுத்து ஒரே காசில் ஓர் எழுத்து தோன்றவும் மறையவும் கூடும்.

எனவே ஆவணப் படத்திற்குச் சில நெறிகள் தேவை. கைப்பேசியின் நேர்விளக்கைத் தவிர்த்து, பக்கவாட்டிலிருந்து பரவலான ஒளி விழச் செய்தல் வேண்டும். தேய்ந்த காசுகளுக்கு ஒளியைத் தாழ்கோணத்தில் வைத்து, காசை அசைக்காமல் விளக்கை மட்டும் நான்கு திசைகளுக்கும் மாற்றி நான்கு படங்கள் எடுத்தால் ஒன்றில் மறைந்த எழுத்து மற்றொன்றில் தெளிவுறும். ஒளிப்படக் கருவி காசின் தளத்திற்கு நேர் மேலே இருத்தல் வேண்டும். சாய்ந்திருப்பின் வட்டம் நீள்வட்டமாகி அளவுகள் பிழைபடும். மில்லிமீட்டர் அளவுகோலும் சாம்பல்நிற அட்டையும் படத்தில் இடம்பெற்றால் அளவையும் நிறத்தையும் பின்னர்ச் சரிபார்க்கலாம். இருபுறங்களோடு விளிம்பையும் படமெடுத்தல் நன்று. வார்த்தெடுத்த போலிகளின் இணைப்புக்கோடு விளிம்பில்தான் வெளிப்படும். படத்தைத் திருத்தி மெருகூட்டினாலும், திருத்தப்படாத மூலக்கோப்பைத் தனியே காத்தல் கட்டாயம்.

போலிகளை இனங்காணவும் இப்பதிவுகள் உதவும். 1818 என ஆண்டிட்டு, கம்பெனியின் பெயரோடு இராமன், அனுமன் போன்ற தெய்வ உருவங்களைத் தாங்கிய செப்பு வில்லைகள் கோயில் வீதிகளிலும் சந்தைகளிலும் பழங்காசு என விற்கப்படுகின்றன. கம்பெனி அத்தகைய செப்புக்காசு எதனையும் வெளியிடவில்லை. மறுபுறம், கடல்வழி வந்த உண்மைக் காசுகளும் உண்டு. 1809இல் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கிய அட்மிரல் கார்ட்னர் என்னும் கப்பலில் சென்னை மாகாணத்திற்கென அச்சிட்ட 1808ஆம் ஆண்டுக் காசுகள் இருந்தன. மீட்கப்பட்ட அவை இன்று உலகெங்கும் விற்பனையாகின்றன. உண்மையான காசாயினும் அது தமிழ் மண்ணில் ஒருநாளும் புழங்காத காசு. அதனைக் கிருஷ்ணகிரிப் புழக்கத்திற்குச் சான்றாகக் காட்டினால் ஆய்வு பிழைபடும். கிடைத்த இடக்குறிப்பின் தேவையை இதனினும் தெளிவாக உணர்த்தும் எடுத்துக்காட்டு அரிது.

பதிவு நெறி

ஆர்வலர் ஒவ்வொரு காசுக்கும் எட்டுச் செய்திகளைப் பதிவு செய்தால் அச்சேகரிப்பு ஆய்வுக்குத் தகுதி பெறும்: உலோகம், நூறில் ஒரு கிராம் வரை துல்லியமான எடை, விட்டம், முன்புறப் பின்புற அச்சுகளின் திசை உறவு, எழுத்தும் உருவும், கிடைத்த இடம், உடன் கிடைத்தவை, கைமாறிய வழி. இவற்றுள் முதல் ஐந்தும் காசிலிருந்து எக்காலத்தும் மீண்டும் பெறத்தக்கவை. இறுதி மூன்றும் கிடைத்த அன்றே எழுதப்படாவிடின் மீளப் பெற இயலாதவை.

இடக்குறிப்பைப் பொதுவெளியில் விரிவாக வெளியிடுவதில் ஓர் இடர் உண்டு. அது புதையல் தேடுவோரை அந்நிலத்திற்கு அழைத்துவிடும். ஆதலின் ஊர்ப்பெயர் அளவில் வெளியிட்டு, துல்லியமான இடத்தைக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம் போன்ற பொது நிறுவனத்திடம் ஒப்படைத்து வைத்தல் தக்கதாகும். சேகரிப்பாளரின் மறைவுக்குப் பின் குடும்பத்தினர் காசுகளைப் பிரித்து விற்கும் நிலையிலும், படங்களும் பதிவேடும் ஒரு பிரதியேனும் பொது நிறுவனத்தில் இருந்தால் சான்று எஞ்சும்.

முடிவுரை

ஓசூர் – கிருஷ்ணகிரிப் பகுதியின் 18ஆம் நூற்றாண்டு இறுதிக்கால வரலாறு பெரிதும் போர்க்குறிப்புகளாலும் வருவாய் ஆவணங்களாலும் எழுதப்பட்டது. அவை ஆண்டவர்களின் எழுத்துகள். அதே காலத்தில் உப்பும் தானியமும் துணியும் வாங்கிய மக்களின் கை பட்ட பொருள் செப்புக்காசு. 1792இல் வரையப்பட்ட எல்லையை அம்மக்கள் மதித்தனரா, கடந்தனரா என்பதற்கு விடை அக்காசுகளில் உள்ளது. அவ்விடையைக் காப்பது காசைப் பூட்டி வைப்பதால் மட்டும் நிறைவேறாது. எங்கே, எதனோடு, எவ்வழியில் கிடைத்தது என்னும் மூன்று வரிகளை எழுதி வைக்கும் சேகரிப்பாளர் ஒரு வரலாற்று ஆவணத்தைப் படைக்கிறார். எழுதாதவரின் பேழையில் எஞ்சுவது உலோகம். தொழிற்பேட்டைகளுக்காக நிலம் தொடர்ந்து அகழப்படும் இக்காலத்தில், கல்லூரி வரலாற்றுத் துறைகளும் அருங்காட்சியகமும் சேகரிப்பாளர்களை ஐயத்தோடு விலக்காமல், பதிவு நெறியில் பயிற்றி ஆய்வில் இணைத்துக்கொள்வதே இச்சான்றுகளைக் காக்கும் வழியாகும்.